இரவல் தருவதில்லை

நம் வீட்டு நூல் அலமாரியின் கண்ணாடிக் கதவில் நெடுங்காலம் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ‘நூல்கள் இரவல் தருவதில்லை’ என்று அதில் நம் கையாலேயே எழுதியிருந்தோம். வீட்டிற்கு வரும் மாணவர்களும் நண்பர்களும் அதைப் படித்துப் புன்னகை செய்வர். கேட்க வந்ததைக் கேளாமலே தேநீர் அருந்திவிட்டுச் செல்வர். அச்சீட்டை நாமே கிழித்தெறிய நேர்ந்த கதையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கதையில் நம்மை நாணச் செய்தது ஒரு நூல் அன்று. பெரியோர் பலரும் வீண்பொழுது என்று ஒதுக்கும் வீடியோ விளையாட்டுப் பெட்டி. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். பொருள் விளையாட்டாக இருப்பினும் அது எழுப்பும் வினா நூலுக்கும் நூலகத்திற்கும் கல்விக்கும் உரியது.

நாம் கல்லூரியில் அடியெடுத்து வைத்தது 1982-ஆம் ஆண்டு. புதிய நூல் வாங்கிப் படிக்கும் வசதி அன்று நம் குடும்பத்திற்கு இல்லை. நம் அண்ணன் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சென்ட்ரல் நிலையத்தை அடுத்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்திருந்த காலம் அது. 1985-இல் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. அதற்கு முன் அங்கே பாதி விலைக்கும் கால் விலைக்கும் அண்ணன் வாங்கித் தந்த நூல்களே நம்மைப் பட்டதாரி ஆக்கின. ஆண்டு முடிந்ததும் அந்நூல்களை அவர் மீண்டும் கடைக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுப்பார். கிடைத்த தொகையோடு தம் ஊதியத்திலிருந்து சிறிது சேர்த்து அடுத்த ஆண்டிற்கு உரியவற்றை வாங்கி வருவார். ஒவ்வொரு நூலின் முதற்பக்கத்திலும் முன்பு படித்தவர்களின் பெயர்கள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றின் கீழே நம் பெயரை எழுதுவோம். நமக்குப் பின் அங்கே யார் பெயர் ஏறியதோ, அறியோம்.

பின்னர் அண்ணன் பிழைப்பு நாடி வளைகுடாவிற்குச் சென்றார். 2009-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது நம் மகனுக்காக ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. பெட்டியோடு மூன்று வட்டுகள் வந்தன. அடுத்தடுத்த விடுமுறைகளில் மேலும் வந்து, மொத்தம் பதினொன்று ஆயின. கடையில் சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை அல்லவா! ஒவ்வொரு வட்டின் உறையிலும் வாங்கிய நாளையும் நம் மகன் பெயரையும் அண்ணன் அழகாக எழுதியிருப்பார்.

தொடக்கத்தில் நாம் அப்பெட்டியை வெறுத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மகன் அதன்முன் அமரும் போதெல்லாம் முகம் சுளித்தோம். ஆயினும் அண்ணன் ஊரில் இருக்கும் நாள்களில் அவரும் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து கார்ப்பந்தயம் ஆடுவார். வளைவு வரும்போதெல்லாம் காரைச் சுவரில் மோதிவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார். குடும்பத்திற்காகத் தம் இளமையை அயல்நாட்டு வெயிலில் கழித்த ஒருவர் அவ்வாறு சிரிப்பதைக் காண்கையில் நம் சினம் அடங்கிவிடும்.

அடுத்த தெருத் தையற்காரரின் மகன் நாள்தோறும் வருவான். அவன் வீட்டில் அன்று பெட்டி இல்லை. பின்னாளில் ஒரு கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய பெட்டியொன்றை மிகக் குறைந்த விலைக்கு வாங்கினான். புது வட்டு வாங்க அவனுக்கு வகையில்லை. நம் மகனிடம் ஒரு வட்டை வாங்கிச் செல்வான், வாரம் கழித்துத் திருப்பித் தருவான், பிறிதொன்றைப் பெறுவான். கடைத்தெருவில் இரண்டு பழைய வட்டுகளைக் கொடுத்தால் ஒரு வேறு வட்டைத் தரும் கடைக்காரரும் இருந்தார். மூர் மார்க்கெட்டில் நாம் செய்ததையே பிள்ளைகள் வேறு பொருளில் செய்துகொண்டிருந்தனர் என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை.

2015-இல் அண்ணன் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெட்டியும் ஓய்ந்தது. வட்டை உள்ளே இட்டால் சுழலும், படிக்காது. மகன் தான் சேர்த்த பணத்தோடு நம்மிடமும் சிறிது பெற்று, அதே நிறுவனத்தின் புதிய பெட்டியை வாங்கி வந்தான். வந்ததும் முதல் வேலையாக அண்ணன் கொடுத்த கார்ப்பந்தய வட்டை எடுத்து அதனுள் இட்டான். பெட்டி அதை உள்வாங்கிற்று. சிறிது நேரம் சுழற்றிற்று. பின்னர், இவ்வட்டைப் பயன்படுத்த இயலாது என்று திரையில் எழுதிக் காட்டிற்று. பதினொரு வட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்த்தான். பதினொன்றிற்கும் அதே மறுமொழி.

“அத்தா, வட்டும் அவர்கள் வட்டு, பெட்டியும் அவர்கள் பெட்டி. பெரியத்தா காசு கொடுத்துத்தானே வாங்கினார்? பிறகு ஏன் படிக்க மாட்டேன் என்கிறது?” என்று கேட்டான்.

நமக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட ஆசிரியர் மனம் ஒப்புவதில்லை. அறிந்தோரைக் கேட்டும் படித்தும் நாம் தெரிந்துகொண்டவற்றைக் கூறுவோம்.

புதிய பெட்டி பழைய பெட்டியின் விளையாட்டுகளை ஏற்கும் இயல்பு இத்தொழிலில் புதுமையன்று. நின்டெண்டோ நிறுவனம் 1989-இல் வெளியிட்ட கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுப் பேழைகள், 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் கருவியிலும் இயங்கின. சோனி நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 பெட்டியை வெளியிட்டபோது முதற்பெட்டியின் வட்டுகளும் அதில் ஓடின. முதற்பெட்டிக்கு மூளையாக இருந்த சில்லே இரண்டாம் பெட்டியின் உள்ளே ஏவல் வேலை செய்யும் துணைச் சில்லாக வைக்கப்பட்டிருந்தது. புதிய விளையாட்டு ஓடும்போது அது துணை. பழைய விளையாட்டு வந்தால் அதுவே தலைமை. முதியோரை ஒரு மூலையில் ஒதுக்காமல் வேலையும் மதிப்பும் கொடுத்து வைத்திருக்கும் நல்ல குடும்பத்தைப் போன்ற ஏற்பாடு என்று இதனைப் பாராட்டலாம்.

2006-இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோதும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற முதற்பெட்டிகளில் இரண்டாம் பெட்டியின் சில்லுகள் சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் விலையோ மிகுதி. செலவைக் குறைக்கும் பொருட்டு அடுத்த ஆண்டிலேயே அச்சில்லுகளை ஒவ்வொன்றாக நீக்கினர். 2007-இன் இறுதியில் வந்த விலை குறைந்த பெட்டி இரண்டாம் பெட்டியின் வட்டுகளை அறவே ஏற்கவில்லை. 2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும், வெளிவந்த நாளில், தத்தம் முன்னோரின் வட்டுகளை ஏற்காதவையாகவே இருந்தன.

இதற்குக் காரணம் வெறும் பேராசை என்று கூறுவது நேர்மையாகாது. ஒவ்வொரு சில்லிற்கும் தனி ஆணைமொழி உண்டு. முந்தைய பெட்டிகளின் சில்லுகள் ஒருவகை ஆணைமொழியை அறிந்தவை. 2013-இன் பெட்டிகள் மேசைக் கணினிகளில் வழங்கும் வேறோர் ஆணைமொழிக்கு மாறின. வட்டில் எழுதியுள்ளதைப் புதிய சில்லு காண்கிறது. ஆனால் அதன் பொருள் விளங்குவதில்லை.

தமிழ்த்துறையினராகிய நமக்கு இத்துன்பம் புதிதன்று. 1990-களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண்களை வகுத்திருந்தது. அக்காலத்தில் தட்டச்சு செய்த நம் துறை மலரொன்றின் கோப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் திறந்தபோது தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே திரையை நிறைத்தன. கட்டுரைகள் அழியவில்லை; படிப்பதற்கான திறவுகோல்தான் தொலைந்திருந்தது. நம் மாணவர் ஒருவர் பழைய எண்களை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலொன்றை எழுதித் தந்த பின்னரே அம்மலர் மீண்டும் தமிழ் பேசிற்று.

விளையாட்டு உலகிலும் இவ்வாறு மாற்றும் நிரல்கள் உண்டு. பழைய பெட்டி நடந்துகொள்ளும் விதத்தையே புதிய பெட்டிக்குள் நடித்துக் காட்டுவது அவற்றின் வேலை. 2015 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியில் இத்தகைய நிரலைச் சேர்த்து, முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளுள் சிலவற்றை உயிர்ப்பித்தது. பழைய வட்டை இட்டால், அது உரிமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டு, மாற்றியமைக்கப்பட்ட படி இணையத்திலிருந்து இறங்கும். காலப்போக்கில் அப்பட்டியல் 600-க்கு மேல் வளர்ந்தது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, தனக்கு முந்தைய நான்காம் பெட்டியின் விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றை ஏற்கிறது. எனவே பழையதை ஏற்றல் இயலாத செயல் அன்று. அரிய செயல், செலவு பிடிக்கும் செயல், மனம் வேண்டிய செயல்.

இதுவரை கூறியது பழையதற்கும் புதியதற்கும் உள்ள உறவு. இனி, வாங்கியவருக்கும் அவருடைய அண்டை அயலாருக்கும் உள்ள உறவைப் பற்றிய செய்தி. நம் நெஞ்சை மிகுதியும் தைத்தது இதுவே.

2013 ஜூன் 6-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், அவ்வாண்டின் இறுதியில் வரவிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிக்கான விதிகளை வெளியிட்டது. பெட்டி 24 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்பு கொள்ள வேண்டும். இல்லையேல் விளையாட்டுகள் இயங்கா. வட்டை விற்க வேண்டுமாயின் அதை வெளியிட்ட நிறுவனம் இசைய வேண்டும். அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட கடைகளில் மட்டுமே விற்கலாம். நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் குறைந்தது 30 நாள்களாவது நம் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், ஒரு விளையாட்டை ஒரே ஒரு முறைதான் அவ்வாறு கொடுக்கலாம். இரவல் தருவதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் தொடக்கத்தில் இடமே இல்லை. தையற்காரரின் மகன் வாரந்தோறும் பெற்றுச் சென்ற வட்டுகளை நினைத்துப் பாருங்கள். அவ்விதிகளின்கீழ் அவனுக்கு அவ்வாறு கொடுக்கவே வழியில்லை.

நான்கு நாள் கழித்து, ஜூன் 10 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இத்துறையின் ஆண்டுக் கண்காட்சியையொட்டிச் சோனி நிறுவனம் தன் பெட்டியை அறிமுகம் செய்தது. பழைய வட்டுகளுக்குத் தங்கள் பெட்டியில் எவ்விதப் புதுத்தடையும் இல்லை என்று அந்நிறுவனத்தின் அமெரிக்கத் தலைவர் ஜாக் டிரெட்டன் அறிவித்ததும் அரங்கம் ஆரவாரித்தது. விளையாட்டை நண்பருக்கு எவ்வாறு தருவது என்று விளக்கும் குறும்படம் ஒன்றையும் வெளியிட்டனர். ஒருவர் வட்டை நீட்டுகிறார், மற்றவர் பெற்றுக்கொண்டு நன்றி கூறுகிறார், படம் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் பெட்டியின் விலை 499 டாலர், சோனி பெட்டியின் விலை 399 டாலர் என்பதும் மக்கள் மனத்தில் பதிந்தது. எதிர்ப்பு ஓங்கவே, ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் தன் விதிகளைத் திரும்பப் பெற்றது. விளையாடும் மக்களின் சொல்லுக்கு ஒரு பெருநிறுவனம் இரு வாரத்திற்குள் இறங்கி வந்தது.

மறுபக்கத்தையும் கேட்டல் முறைமை. பழைய வட்டு விற்கும்போது கடைக்காரருக்கு ஊதியம் உண்டு. விளையாட்டைப் படைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. நூலாயின் கசங்கும், பழுக்கும், தாள் கிழியும். வட்டிலுள்ள விளையாட்டோ பத்தாவது கைக்குச் சென்றாலும் முதற்கைக்குக் கிடைத்தது போன்றே இருக்கும். பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைக்கும் படைப்பிற்கு விலை கிடைக்க வேண்டாவா என்பது அவர்கள் வாதம். இதன் பொருட்டே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2010-இல், பழைய வட்டை வாங்கியோர் இணையவழி ஆட 10 டாலர் தனியே செலுத்த வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்து, 2013-இல் அதனைக் கைவிட்டது. இரவலைத் தடுக்க எண்ணிய மைக்ரோசாஃப்ட் விதிகளிலும், குடும்பத்தார் பத்துப் பேர் வரை ஒருவர் வாங்கியதைப் பகிர்ந்து ஆடும் வசதி ஒன்று இருந்தது. விதிகள் போனபோது அதுவும் போயிற்று. படைத்தவரின் கவலை பொய்க் கவலையன்று.

ஆயினும் இவ்வழக்கு வட்டோடு பிறந்ததன்று, நூலோடு பிறந்தது. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்னும் பதிப்பகம் ஒரு புதினத்தை வெளியிட்டு, ஒரு டாலருக்குக் குறைவாக அதை விற்பவர் பதிப்புரிமையை மீறியவர் ஆவார் என்று நூலின் உள்ளேயே அச்சிட்டது. மேசிஸ் என்னும் பெருங்கடையினர் அதனை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு படியை ஒருமுறை விற்றபின், அப்படியின் அடுத்த விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பகத்தாருக்கு இல்லை என்று 1908-இல் தீர்ப்பாயிற்று. ஜப்பானிலும் விளையாட்டு நிறுவனங்கள் பழைய வட்டு விற்கும் கடைகள்மீது வழக்குத் தொடுத்தன. முதல் விற்பனையோடு அவ்வுரிமை தீர்ந்துவிடுகிறது என்று 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. விற்பவன் பொருளை விடுகிறான், வாங்குபவன் அதற்கு உடையவன் ஆகிறான். உடைமை என்ற சொல்லுக்கு இதுவன்றி வேறு பொருள் இல்லை.

இவற்றையெல்லாம் அறிந்தபோது நமக்குச் சினம் மூண்டது. ஒரு மாலையில் மகனை அழைத்து அமர்த்தி நீண்டதொரு சொற்பொழிவே ஆற்றினோம். “கொடுக்க முடியாத பொருளை உன் பொருள் என்று எப்படிச் சொல்வது? இரவல் இல்லாத உலகில் ஏழைப் பிள்ளை எப்படிப் படிப்பான்? இவர்கள் மூர் மார்க்கெட்டைக் கண்டிருந்தால் அங்கும் பூட்டுப் போட்டிருப்பார்கள்!” என்றோம்.

மகன் அமைதியாகக் கேட்டான். பிறகு, “நீங்களும் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அத்தா” என்றான். அவன் பார்வை சென்ற திசையில் நம் அலமாரியும் அதன் கண்ணாடிக் கதவும் அச்சீட்டும் இருந்தன.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை என்பது உண்மை. பிறகு தோன்றியது. நாம் நம் உடைமையை நம் விருப்பத்தால் தர மறுக்கிறோம், நிறுவனமோ பிறருக்கு விற்றுவிட்ட பொருளைப் பிறர் தருவதையும் தடுக்க முயன்றது, இரண்டும் ஒன்றாகா. சட்ட நோக்கில் இவ்விடை சரியே. ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. முதற்பக்கத்தில் நம் பெயருக்கு மேலே இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன. முகமறியாத அவர்கள் தம் நூல்களைக் கைவிட்டுத் தந்ததால் நாம் படித்தோம். நாம் வாங்கிய நூல்களோ நம் அலமாரிக்குள் வந்ததும் பயணத்தை முடித்துக்கொண்டன. இரவல் கொடுக்கும் உரிமைக்காக வாதாடிய நாம் அவ்வுரிமையைப் பல ஆண்டுகளாகப் பூட்டியே வைத்திருந்தோம். விடிந்ததும் சீட்டைக் கிழித்தோம்.

சில நாள் கழித்துத் தையற்காரரின் மகன் வந்தான். படிப்பை முடித்து வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்தான். பதினொரு வட்டுகளின் செய்தியை மகன் கூறியதும் அவன் சிரித்தான். “என் பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது சார். கொடுங்கள், போட்டுப் பார்ப்போம்” என்றான். அன்று மாலை நாமும் உடன் சென்றோம். தையல் இயந்திரத்திற்கு அருகே, துணிகளை ஒதுக்கி வைத்த சிறிய இடத்தில் அப்பெட்டி இருந்தது. யாரோ ஒருவர் வேண்டா என்று விற்ற பெட்டி அது. அண்ணன் கையெழுத்துள்ள உறையிலிருந்து வட்டை எடுத்து உள்ளே இட்டான். புதிய பெட்டி மறுத்த வட்டைப் பழைய பெட்டி ஏற்றுக்கொண்டது. அதே சாலை, அதே வளைவு, அதே சுவர். நம் கையில் கருவியைக் கொடுத்தார்கள். முதல் வளைவிலேயே காரைச் சுவரில் மோதினோம். மகன் சிரித்தான். நம்மால் சிறிது நேரம் திரையைப் பார்க்க இயலவில்லை.

பழைய பொருள் கைமாறலாம் என்றிருந்ததால் அப்பெட்டி அவ்வீட்டிற்கு வந்தது. வட்டை எடுத்துச் செல்லலாம் என்றிருந்ததால் நம் அண்ணனின் வட்டு அங்கே உயிர்பெற்றது. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் உறைமீது எழுதிய எழுத்து மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும்.

இவ்வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கு இருக்குமா என்பது ஐயமே. 2013-இல் விதியால் செய்ய முடியாததைக் காலம் ஓசையின்றிச் செய்து வருகிறது. 2020-இல் இரு நிறுவனங்களும் வட்டு இடும் வாயே இல்லாத பெட்டிகளையும் வெளியிட்டன. விளையாட்டு இணையக் கடையிலிருந்து நேரே பெட்டிக்குள் இறங்குகிறது. கையில் பொருள் இல்லாதபோது இரவல் கொடுப்பதெங்கே, பழைய கடையில் விற்பதெங்கே? 2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரு பழைய கருவிகளுக்குரிய இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்திற்று. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை வாங்கும் வழி அன்றோடு அடைபட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று காட்டிற்று. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தத் தர நூலகங்கள் கேட்ட விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. 2025 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் பெறுவது உடைமையன்று, பயன்படுத்தும் உரிமமே என்றால் அதை விற்பவர் தெளிவாகக் கூற வேண்டும் என்பது அதன் சாரம். நோயைத் தீர்க்கும் மருந்தன்று அது. நோயின் பெயரை மறைக்காமல் சொல்லும் நேர்மை.

மின்னூலும் இசையும் திரைப்படமும் இதே வழியில் செல்வதை மாணவச் செல்வங்கள் அறிவீர்கள். புதியதை வேண்டா என்று நாம் கூறவில்லை. பழையது போவதும் புதியது வருவதும் காலத்தின் இயல்பு, குற்றமன்று. ஆனால் எப்பொருளை வாங்கும் முன்னும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். பத்தாண்டு கழித்து இது திறக்குமா? நாளை இதை என் தம்பிக்கோ தோழனுக்கோ கொடுக்க முடியுமா? இரண்டிற்கும் இல்லை என்பதே விடையாயின், நீங்கள் கொடுப்பது விலையன்று, வாடகை என்பதை அறிந்தே கொடுங்கள். 2013-இல் மக்கள் வாய்திறந்து கேட்டதால் ஒரு விதி மாறிற்று என்பதையும் மறவாதீர்கள்.

சீட்டு இருந்த இடத்தில் இப்போது கயிற்றில் கட்டிய குறிப்பேடு ஒன்று தொங்குகிறது. நூலின் பெயர், பெறுபவர் பெயர், நாள் என்று மூன்று பத்திகள். இரண்டு நூல்கள் திரும்பி வரவில்லை; வருத்தம் உண்டு. ஆயினும் எங்கோ ஒருவர் அவற்றைப் படித்துக்கொண்டிருப்பார் என்று எண்ணித் தேறுகிறோம். குறிப்பேட்டின் முதல் வரியில் இருப்பது நூலின் பெயர் அன்று. ‘கார்ப்பந்தய வட்டு, ஒன்று’ என்று எழுதியிருக்கிறது. பெறுபவர் பத்தியில் தையற்காரர் மகனின் பெயர் உள்ளது. திருப்பித் தர வேண்டிய நாள் என்று நாம் எதுவும் குறிக்கவில்லை.